சும்மா இருப்பவனின் கடிகாரம்

தமிழில் ‘சும்மா’ என்ற சொல்லுக்கு இரண்டு முகம் உண்டு. தாயுமானவர் மரபில் சும்மா இருத்தல் ஞானத்தின் கடைசிப் படி. “பையன் என்ன பண்றான்?” என்று யாராவது கேட்க, “படிச்சு முடிச்சுட்டு சும்மாதான் இருக்கான்” என்று அப்பா குரலைத் தாழ்த்திச் சொல்லும்போது அதே சொல் வசவாகிவிடுகிறது. முதல் சும்மாவைப் பாட ஞானிகள் இருந்தார்கள். இரண்டாவது சும்மாவில் கிடப்பவர் எப்படி எழுந்து வருவார் என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

நம்மூரில் இதற்குப் பதில் சொல்வதற்கென்றே ஒரு நூல்வகை இருக்கிறது. புத்தகக் கண்காட்சியில் ‘தன்னம்பிக்கை’ என்ற பெயரில் அடுக்கப்படும் நூல்களுக்கு வாங்க ஆள் குறைவதில்லை. எம். எஸ். உதயமூர்த்தியின் ‘எண்ணங்கள்’ போன்ற நூல்கள் பல இளைஞர்களைத் தட்டி எழுப்பின; அதை மறுத்தால் நன்றி மறந்த பேச்சாகிவிடும். ஆனால் அந்த அடுக்கில் இன்று நிற்கும் நூல்களில் பலவற்றை உலுக்கினால் ஒரே கருத்துதான் உதிர்கிறது: மனத்தை மாற்று, வாழ்க்கை மாறும், ஒரு நோக்கத்தைக் கண்டுபிடி, விரக்தி ஓடிவிடும். இது எவ்வளவு தூரம் உண்மை?

ஒரு கருத்தைச் சோதிக்க நினைப்பவர் அதன் நோஞ்சான் வடிவத்தோடு மோதி வெற்றி கொண்டாடக் கூடாது. பலமான வடிவத்தைத்தான் தராசில் வைக்க வேண்டும். இந்தக் கருத்தின் ஆகப் பலமான வடிவம் விக்டர் ஃபிராங்கல். நாஜி வதைமுகாம்களிலிருந்து பிழைத்து வந்து 1946இல் அவர் வெளியிட்ட நூல், வாழ்வின் அர்த்தத்தைத் தேடுவோர் எல்லோர் கையிலும் இன்றுவரை கொடுக்கப்படும் நூல். எதிர்த்தட்டில் வைக்கத் தகுந்தவரும் அவருடைய நகரமான வியன்னாவிலேயே இருந்தார்: சமூக உளவியலாளர் மரீ யஹோடா. ஃபிராங்கல் பிறந்தது 1905, யஹோடா பிறந்தது 1907. இருவரும் வியன்னாவின் யூதர்கள். 1933இல், ஐரோப்பா முழுக்க ஆலைகள் மூடிக்கிடந்த காலத்தில், வேலையற்றவர்களின் மனநிலை பற்றி இருவருமே எழுதினார்கள். பார்த்த நோய் ஒன்று. சொன்ன காரணம் வேறு வேறு.

நின்றுபோன ஊர்

வியன்னாவுக்குத் தென்கிழக்கே, ரயிலில் அரை மணி நேரத் தொலைவில், கிராமட்நாய்சீடல் என்ற ஊரை ஒட்டி இருந்தது மரியன்டால். ஆலை வந்ததால் பிறந்த ஊர் அது. 1830களில் நூற்பாலையாகத் தொடங்கி நூறாண்டு ஓடிய ஆலை, 1929 கோடையில் ஒவ்வொரு பிரிவாக மூடத் தொடங்கியது. 1930 பிப்ரவரியில் தறிகளும் நின்றன. ஊரில் 478 குடும்பங்கள், 1,486 பேர். நான்கில் மூன்று குடும்பங்களில் வேலைக்குப் போக ஒருவர்கூட இல்லை.

யஹோடாவும் பால் லாசர்ஸ்ஃபெல்டும் ஹான்ஸ் சைசலும் நடத்திய குழு 1931 கடைசியில் அங்கே போனது. லாசர்ஸ்ஃபெல்ட் முதலில் தொழிலாளர்களின் ஓய்வு நேரத்தை ஆராயத்தான் ஆசைப்பட்டாராம். சோஷலிசத் தலைவர் ஓட்டோ பவுர், நாடே வேலையில்லாமல் கிடக்கும்போது ஓய்வைப் பற்றி என்ன ஆராய்ச்சி என்று கடிந்து, மரியன்டாலுக்கு வழிகாட்டினார். கடிந்துகொண்டது நல்லதாயிற்று. ஓய்வும் சும்மாவும் ஒன்றல்ல என்பதுதான் அந்த ஆய்வின் பெரிய கண்டுபிடிப்பு.

ஆய்வாளர்கள் ஊருக்குள் வேவுகாரர்களாக நுழையவில்லை. பழைய துணி விநியோகம், இலவச மருத்துவ ஆலோசனை, தையல் வகுப்பு என்று ஏதாவது ஒரு உபயோகத்தோடுதான் ஒவ்வொருவரும் உள்ளே போனார்கள். போன பிறகு அவர்கள் எண்ணாத பொருள் இல்லை. தெருவில் மறைவாக நின்று, போகிறவர்களின் நடையைக்கூடக் கடிகாரம் வைத்து அளந்தார்கள். ஆண்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் ஊரின் பெரிய தெருவைக் கடப்பதற்குள் இரண்டு முறையாவது நின்றார்கள். நிற்காமல் போனவர் பத்தில் ஒருவர்தான். நூறு ஆண்களில் 88 பேர் கைக்கடிகாரமோ பைக்கடிகாரமோ அணிந்திருக்கவில்லை. அவசரம் இல்லாதவனுக்குக் கடிகாரம் எதற்கு?

பெண்கள் அப்படி நிற்கவில்லை. அவர்களுக்கு அடுப்பு இருந்தது, துவைக்கத் துணி இருந்தது, பிள்ளைகள் இருந்தார்கள். சம்பளம்தான் போனதே தவிர வேலை போகவில்லை என்று ஆய்வு குறிக்கிறது. ஆனால் அதே பெண்களில் பெரும்பாலோர் ஆலை திறந்தால் மறுநாளே போகத் தயார் என்றார்கள். போனால் இரட்டைச் சுமை என்று அவர்களுக்குத் தெரியும். கூலிக்காக மட்டும் அப்படிச் சொல்லவில்லை; ஆலையில் நாலு பேர் இருந்தார்கள், வீட்டில் நாலு சுவர் இருந்தது.

இன்னொரு எண் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. ஊரில் தொழிலாளர் நூலகம் ஒன்று இருந்தது. முன்பு புத்தகம் எடுக்கக் கட்டணம். இப்போது அதையும் நீக்கிவிட்டார்கள். படிக்க நேரமோ கொட்டிக்கிடக்கிறது. ஆனாலும் 1929க்கும் 1931க்கும் இடையில் எடுக்கப்பட்ட புத்தகங்களின் எண்ணிக்கை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. நேரம் இருக்கிறது, புத்தகம் இருக்கிறது, காசும் கேட்கவில்லை, கைதான் நீளவில்லை. ‘நேரம் கிடைத்தால் எவ்வளவோ படிப்பேன்’ என்று சொல்லிக்கொள்ளும் நம் எல்லோருக்கும் இந்த எண் ஒரு குட்டு.

குடும்பங்களை அவர்கள் நான்காகப் பிரித்தார்கள்: மனம் உடையாதவர்கள், ஒடுங்கிவிட்டவர்கள், விரக்தியில் துடிப்பவர்கள், எதற்கும் அசையாதவர்கள். ஊர் முழுவதற்குமான கணக்கில் உடையாதவர்கள் நூற்றுக்கு 23, ஒடுங்கியவர்கள் ஏறக்குறைய 70. மற்ற இரு வகையும் சேர்ந்து மிச்சம். இந்த ஒடுங்கியவர்கள் யார் என்பதைக் கவனிக்க வேண்டும். அவர்கள் அழுதுகொண்டிருக்கவில்லை. வீடு பெருக்கியிருந்தது, பிள்ளைகள் குளித்திருந்தார்கள், குடும்பத்தில் சண்டைகூட இல்லை. இல்லாதது ஒன்றே ஒன்றுதான்: திட்டம். அடுத்த மாதம் என்று ஒன்று அவர்கள் பேச்சில் இல்லை. நம்பிக்கை இழந்தவரை அழுகையை வைத்து அடையாளம் கண்டுவிடலாம் என்று நினைக்கிறோம். மரியன்டால் அதைத் திருத்துகிறது.

ஃபிராங்கலின் சாட்சியம்

இனி மறுதட்டு. ஃபிராங்கல் அப்போது இளைஞர்களுக்கான ஆலோசனை மையங்களை நடத்திவந்த மருத்துவர். தன்னிடம் வந்த வேலையற்ற இளைஞர்களிடம் கண்ட சோர்வுக்கு ‘வேலையின்மை நரம்புநோய்’ என்று பெயரிட்டார். அவருடைய விளக்கம் எளிது: வேலை இல்லை என்றால் தான் உபயோகமில்லாதவன் என்று இளைஞன் நினைக்கிறான்; உபயோகமில்லை என்றால் வாழ்வுக்கு அர்த்தமில்லை என்று நினைக்கிறான். இந்தத் தவறான சமன்பாட்டை உடைத்தால் சோர்வு போய்விடும். அதற்காக அவர்களை நூலகங்களிலும் முதியோர் கல்வியிலும் இளைஞர் அமைப்புகளிலும் சம்பளமில்லாத் தொண்டுக்கு அனுப்பினார். வயிறு முன்போலவே காய்ந்தது. ஆனால் சோர்வு நீங்கியது என்று பின்னாளில் எழுதினார்.

பிறகு வந்தது பேரழிவு. 1942இல் தெரேசியன்ஸ்டாட், 1944இல் ஆஷ்விட்ஸ், அங்கிருந்து டாஹாவ் முகாமின் கிளைகள், 1945 ஏப்ரலில் விடுதலை. தந்தை, தாய், மனைவி மூவரும் மாண்டிருந்தார்கள். திரும்பி வந்தவர் ஒன்பது நாளில் சொல்லி எழுதுவித்ததே அந்தப் புகழ்பெற்ற நூல். எல்லாவற்றையும் பறித்த பிறகும், தனக்கு நேர்வதை எப்படி எதிர்கொள்வது என்ற தேர்வை மனிதனிடமிருந்து பறிக்க முடியாது என்பது அதன் மையம்.

இந்த நூலை மதிப்பிடும்போது இரண்டு கூற்றுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலான பாராட்டும் பெரும்பாலான கண்டனமும் இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிடுகின்றன.

ஒன்று அறம் சார்ந்தது: கடைசி மூச்சுவரை மனிதன் வெறும் சூழ்நிலையின் பொம்மை ஆகிவிட வேண்டியதில்லை. இதை எந்தப் புள்ளிவிவரமும் தோற்கடிக்க முடியாது. முகாமில் தன் ரொட்டித் துண்டைப் பக்கத்துக் கைதிக்குக் கொடுத்தவர் ஒருவர் இருந்தாலே போதும், இந்தக் கூற்று நின்றுவிடும். அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள்.

மற்றொன்று காரணகாரியம் சார்ந்தது: வாழ நோக்கம் உள்ளவர் தாக்குப்பிடிக்கிறார், இல்லாதவர் வீழ்கிறார். இதற்கு ஃபிராங்கல் தரும் ஆதாரங்கள், 1945 மார்ச் முடிவதற்குள் விடுதலை வந்துவிடும் என்று கனவு கண்டு, வராததால் நொறுங்கி, மாதக் கடைசியில் இறந்துபோன சகக் கைதி போன்ற நினைவுகள். மனதை உலுக்கும் நினைவுகள்தான். ஆனால் ஆதாரமாக அவை போதா. பெரிய நோக்கங்களோடு வாழ்ந்து, ரயிலிலிருந்து இறங்கிய அன்றே நச்சுவாயு அறைக்கு அனுப்பப்பட்டவர்கள் எத்தனை லட்சம்! அவர்கள் நூல் எழுதத் திரும்பி வரவில்லை. லாரன்ஸ் லாங்கர் போன்ற விமர்சகர்கள் இதைத்தான் கடுமையாகச் சுட்டினார்கள். முகாம் வாழ்க்கையை ஆன்ம வெற்றியின் கதையாக்குவது மாண்டவர்களைத் தோற்றவர்களாக்கிவிடும் என்பது அவர்களுடைய கவலை. ஃபிராங்கலின் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும்: தங்களில் மிகச் சிறந்தவர்கள் திரும்பவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். அந்த ஒரு வரியை மறந்துவிட்டு மற்றவற்றை மட்டும் சுமந்துபோனது தன்னம்பிக்கைச் சந்தை.

தன் சாட்சியைத் தானே தவறாகப் படித்தவர்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். முகாமை ஒதுக்கிவைத்துவிட்டு, 1933இன் இளைஞர்களை மட்டும் பார்ப்போம். ஃபிராங்கலின் சிகிச்சை பலித்தது என்று அவர் சொல்வதை அப்படியே ஏற்போம். பலித்தது எது?

அவர்களிடம் ‘அர்த்தம் என்பது வேலையைப் பொறுத்ததல்ல’ என்று பேசிப் புரியவைத்து அனுப்பியிருந்தால், அர்த்தம்தான் குணப்படுத்தியது என்று சொல்லலாம். அவர் அதோடு நிற்கவில்லை, நூலகத்துக்கு அனுப்பினார். நூலகத்தில் என்ன இருந்தது? திறக்கும் நேரம் இருந்தது. அந்த நேரத்துக்கு எழுந்து, குளித்து, கிளம்ப வேண்டியிருந்தது. வராவிட்டால் ‘ஏன் வரவில்லை?’ என்று கேட்க ஆள் இருந்தது. புத்தகம் கேட்டு வந்தவர் முன்னால் நிற்கையில், அந்தச் சில நிமிடமாவது அவர்கள் தேவைப்பட்டார்கள். மரியன்டால் நூலகத்தை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே புத்தகம் எடுக்கச் சொன்னார்கள், எடுப்பது பாதியாகக் குறைந்தது. இங்கே புத்தகம் எடுத்துக் கொடுக்கச் சொன்னார்கள், இளைஞர்கள் எழுந்து நின்றார்கள். இரண்டு இடத்திலும் நூலகம்தான், இலவசம்தான், வேலையற்றவர்கள்தான். ஒன்றில் அவர்கள் பயனாளிகள். மற்றதில் அவர்களுக்காக ஒருவர் காத்திருந்தார்.

ஃபிராங்கல் அர்த்தம் கொடுத்தேன் என்று நினைத்தார். அவர் உண்மையில் கொடுத்தது வேலை. கூலியில்லாத வேலை. அவருடைய சொந்தச் சாட்சி எதிர்க்கட்சிக்குச் சாட்சி சொல்கிறது. யஹோடா ஐம்பது ஆண்டு கழித்து, 1982இல், இதற்கு ஒரு வரைவிலக்கணமே எழுதினார். வேலை கூலியோடு சேர்த்து, யாரும் கேட்காமலே ஐந்து பொருள்களைத் தருகிறது: நாளுக்கு ஒரு வடிவம், வீட்டுக்கு வெளியே மனிதத் தொடர்பு, தனியாளுக்கு அப்பாற்பட்ட ஒரு கூட்டு நோக்கம், ஊருக்குள் ஓர் இடம், ஒழுங்காகச் செய்ய ஒரு காரியம். வேலை போகும்போது இந்த ஐந்தும் சத்தமில்லாமல் கூடவே போய்விடுகின்றன. நோக்கம் இந்தப் பட்டியலில் மூன்றாவதாக, மற்ற நான்கோடும் பின்னிக்கொண்டு வருகிறது. அதைத் தனியே பிரித்தெடுத்துக் குப்பியில் அடைத்து விற்க முடியாது.

அப்படியானால் பசியும் காசும்? அங்கேயும் மரியன்டால் ஈவிரக்கமின்றிப் பேசுகிறது. ஒரு நுகர்வு அலகுக்கு, அதாவது பெரியவர் ஒருவரின் தேவை என்ற அளவுகோலில், மாத வருமானம் எவ்வளவு என்று கணக்கிட்டார்கள். உடையாதவர்களுக்கு 34 ஷில்லிங், ஒடுங்கியவர்களுக்கு 30, விரக்தியில் இருந்தவர்களுக்கு 25, அசையாதவர்களுக்கு 19. ஐந்து ஷில்லிங் என்றால் சர்க்கரைக்கும் சாக்கரினுக்கும் உள்ள வித்தியாசம்; பிள்ளையின் செருப்பைத் தைக்க முடிவதற்கும், செருப்பில்லாமல் அது பள்ளிக்குப் போகாமல் வீட்டில் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம். மன உறுதி என்று நாம் மெச்சுவதற்கு அந்த ஊரில் விலைப்பட்டியல் இருந்தது. படிக்கட்டில் ஒவ்வொரு படியாகக் காசு குறையக் குறைய, மனமும் ஒவ்வொரு படியாக இறங்கியது. இதைப் பார்த்த பிறகும் ‘எல்லாம் உன் மனதில்தான் இருக்கிறது’ என்று ஒருவர் மேடையேறிச் சொன்னால், அவர் அந்த ஐந்து ஷில்லிங்கைப் பார்க்காதவர்.

யஹோடாவின் பக்கத்து ஓட்டைகள்

தராசு இத்தோடு சாய்ந்துவிட்டது என்று எழுந்துவிட முடியாது. யஹோடாவின் தட்டிலும் மூன்று ஓட்டை.

முதலாவது, அந்த நூற்றுக்கு 23. உடையாதவர்களுக்கும் ஒடுங்கியவர்களுக்கும் இடையில் இருந்தது சராசரியாக நாலே ஷில்லிங். நாலு ஷில்லிங் அவ்வளவு பெரிய பிளவை முழுமையாக விளக்காது. அதோடு இன்னொரு காட்சி: உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் போட்டால் வயிற்றுக்கு ஆகும் துண்டுத் தோட்டத்தில் சிலர் பூச்செடி வளர்த்தார்கள். பசித்தவன் பூ வளர்ப்பதை வருமான அட்டவணை சொல்லாது. மனிதனுக்குள் சூழ்நிலை முழுதாகத் தீண்ட முடியாத ஓர் இடம் இருக்கிறது என்று ஃபிராங்கல் சொன்னதை அந்தப் பூச்செடியிடம் கேட்கலாம். என்றாலும் ஒரு சிலர் வளர்த்த பூவைக் காட்டி, வளர்க்காத மற்றவர்களைக் குற்றம் சொல்லக் கூடாது.

இரண்டாவது, கூட்டு நோக்கம் என்பது தன்னளவில் நல்லதில்லை. மரியன்டால் மக்கள் புரட்சிக்குக் கிளம்பவில்லை, ஒடுங்கினார்கள். ஒடுங்கியவர்களுக்கு நோக்கம் தருகிறேன் என்று யார் வேண்டுமானாலும் வரலாம், வந்தார்கள். 1935இல் ஜெர்மனி இளைஞர்களுக்குக் கட்டாய உழைப்புச் சேவையைச் சட்டமாக்கியது. மண்வெட்டி, சீருடை, அணிவகுப்பு, விடிகாலை எழுச்சி: யஹோடாவின் ஐந்தும் அங்கே இருந்தன, நிறைவாகவே இருந்தன. உழைப்பு விடுதலை தரும் என்று முகாம் வாசலில் எழுதிவைத்ததும் அதே அரசுதான். ஆய்வை நடத்திய யஹோடாவே 1936இல் ஆஸ்திரிய அரசால் கைதாகி, நாட்டைவிட்டுப் போவதாக இருந்தால் விடுகிறோம் என்ற நிபந்தனையோடு 1937இல் வெளியே வந்தார். ஆகவே நோக்கம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது. அதிலிருந்து விலகிப்போக வழி இருக்கிறதா, அதைக் கேள்வி கேட்க முடிகிறதா என்றும் கேட்க வேண்டும்.

மூன்றாவது ஓட்டை நம் காலத்தது. வேலை இருந்தும் விரக்தி இருக்கிறது. 2015இல் பிரிட்டனில் யூகவ் நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பில், வேலை பார்ப்பவர்களில் 37 சதவீதம் பேர் தங்கள் வேலையால் உலகுக்கு உருப்படியான பயன் எதுவும் இல்லை என்றார்கள். மானுடவியலாளர் டேவிட் கிரேபர் இதையே 2018இல் ஒரு நூலாக விரித்தார். கிரேபர் மிகைப்படுத்துகிறார் என்று பிற்பாடு வந்த ஐரோப்பிய ஆய்வுகள் வாதிட்டன. கேள்வியை மாற்றிக் கேட்டால் இந்த எண் வெகுவாகச் சுருங்குகிறது என்பதும் உண்மை. ஆனாலும் நாளுக்கு வடிவமும் மாதச் சம்பளமும் ஐடி கார்டும் இருந்து, ‘நான் செய்வது யாருக்கு?’ என்ற கேள்விக்கு விடை இல்லாமல் இருப்பவர்களை நாமே அறிவோம். அவர்களுக்கு யஹோடாவின் பட்டியலில் மருந்து இல்லை. பட்டியலோடு ஒன்று சேர்க்க வேண்டும்: செய்த வேலையின் பயன் செய்தவர் கண்ணில் பட வேண்டும்.

அமெரிக்காவிலிருந்து வரும் சான்றும் இந்தச் சேர்க்கையைத்தான் கேட்கிறது. பட்டப்படிப்பு இல்லாத நடுவயது வெள்ளையர்களிடையே தற்கொலை, போதை, குடிநோய் ஆகியவற்றால் நேரும் சாவுகள் கூடுவதை பொருளியலாளர்கள் ஆன் கேஸும் ஆங்கஸ் டீட்டனும் 2015இல் சுட்டிக்காட்டினார்கள். வருமான வீழ்ச்சி மட்டும் இதை விளக்காது என்பது அவர்கள் வாதம். நல்ல வேலையோடு தொழிற்சங்கமும், குடும்பமும், தேவாலயமும், ஊருக்குள் இருந்த மதிப்பும் சேர்ந்தே சரிந்தன. மரியன்டால் ஒரே குளிர்காலத்தில் கண்டதை அவர்கள் ஒரு தலைமுறை நீளத்துக்குக் கண்டார்கள்.

மறுபரிசோதனை

சமூக ஆய்வில் ஒரே ஊருக்குத் திரும்பிப் போய்ச் சோதிக்கும் வாய்ப்பு அபூர்வம். மரியன்டாலுக்கு அது கிடைத்தது. 2020 அக்டோபரில், கீழ் ஆஸ்திரிய மாநிலத்தின் வேலைவாய்ப்புத் துறை அதே கிராமட்நாய்சீடலில் வேலை உறுதித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. நீண்டகாலம் வேலையற்றிருந்த ஒவ்வொருவருக்கும், விரும்பினால், ஊதியத்தோடு ஒரு வேலை. சிலருக்கு மானியத்தோடு தனியார் நிறுவனத்தில். மற்றவர்களுக்குத் தச்சுப் பட்டறை, தோட்டப் பராமரிப்பு என்று அவர்கள் திறமைக்கேற்பப் புதிதாக உண்டாக்கிய வேலை. வற்புறுத்தல் இல்லை.

பொருளியலாளர்கள் மாக்ஸிமிலியன் காசியும் லூகாஸ் லேனரும் இதைக் குலுக்கல் முறையில் பிரித்து ஆராய்ந்தார்கள். வருமானமும் பாதுகாப்பும் உயர்ந்தன, அது எதிர்பார்த்ததே. கூடவே நாளின் ஒழுங்கு, மனிதத் தொடர்பு, கூட்டு நோக்கம், சமூக மதிப்பு என யஹோடா எழுதிவைத்த பொருள்களும் ஏறின. ஊரில் நீண்டகால வேலையின்மை பெருமளவு குறைந்தது. உடல்நலத்தில் மாற்றம் தெரியவில்லை என்பதையும் அவர்கள் மறைக்காமல் எழுதினார்கள். சிறிய ஊர், சில டஜன் மனிதர்கள், பணக்கார நாடு. இதை அப்படியே எங்கும் நட்டுவிட முடியாது. ஆனாலும் ஒரு விஷயம் தெளிவு: இவர்களுக்கு யாரும் வாழ்க்கையின் அர்த்தம் பற்றிப் பாடம் எடுக்கவில்லை. கூலியும் தேர்வும் சேர்ந்த வேலை கொடுத்தார்கள். நோக்கம் அதன் பின்னாலேயே வந்தது.

நம் ஏரிக்கரையில்

இந்த வாதத்துக்கும் தமிழகத்துக்கும் தொடர்பு இருக்கிறது. 2005இல் இயற்றப்பட்ட ஊரக வேலை உறுதிச் சட்டம், கேட்கும் ஊரகக் குடும்பத்துக்கு ஆண்டில் 100 நாள் வேலை என்பதை உரிமையாக்கியது. நம் ஊர்களில் அதற்குப் பெயர் ‘நூறு நாள் வேலை’. தமிழகத்தில் அந்த வேலைநாள்களில் 80 சதவீதத்துக்கும் மேல் பெண்களுடையவையாக இருந்தன. ‘மரத்தடியில சும்மா உக்காந்து காசு வாங்குறாங்க’ என்பது அதைப் பற்றிய வழக்கமான வசை. திரும்பவும் அந்தச் சும்மா!

வசைபாடுகிறவர்கள் கவனிக்காதது ஒன்று உண்டு. வீட்டு வேலை ஓயாத ஒரு பெண், காலையில் சோறு கட்டிக்கொண்டு, நாலு பேரோடு ஏரிக்கரைக்கு நடந்து, தன் பெயரைப் பதிந்து, தன் பெயரிலுள்ள கணக்கில் கூலி வாங்குகிறாள். இரட்டைச் சுமை என்று தெரிந்தும் ஆலைக்குத் திரும்ப ஆசைப்பட்ட மரியன்டால் பெண்களை நினைத்துக்கொண்டால், இதன் மதிப்பு வெட்டிய மண்ணின் கன அடியில் மட்டும் இல்லை என்று விளங்கும். அதே நேரம் அந்த வசையில் ஒரு துளி நியாயமும் உண்டு. யாருக்கும் பயன்படாத குழியை வெட்டி, அதையே அடுத்த ஆண்டும் வெட்டினால், வெட்டுகிறவருக்கே அது கணக்குக்குச் செய்யும் வேலையாகிவிடும். கூலியைத் தாமதித்தால் மரியாதையும் தாமதிக்கிறது. தூர்வாரிய ஏரியில் தண்ணீர் நிற்பதைத் தூர்வாரியவர் பார்க்க வேண்டும்.

நம் மரபும் இந்த விஷயத்தில் சந்தைத் தன்னம்பிக்கையைவிடக் கூர்மையானது. துன்பத்துக்கு உடையாத மனத்தைப் பற்றிய ‘இடுக்கண் அழியாமை’ அதிகாரத்தை வள்ளுவர் துறவறத்தில் வைக்கவில்லை, பொருட்பாலில் வைத்தார். பரிமேலழகரின் பகுப்பில் அது அரசியலின் கடைசி அதிகாரம். அதற்கு முன்னால் ஊக்கம், சோம்பலின்மை, முயற்சி பற்றிய அதிகாரங்கள் வரிசையாக நிற்கின்றன. அதே பொருட்பாலில் ‘நல்குரவு’ என்று வறுமைக்கும் தனி அதிகாரம் உண்டு. அங்கே வள்ளுவர் வறியவனிடம் ‘மனத்தை மாற்று’ என்று சொல்லவில்லை, வறுமை எப்படிச் சுடும் என்றே சொல்கிறார். மன உறுதியையும் பொருளையும் ஒரே பாலில் வைத்த வைப்புமுறையே ஒரு தீர்ப்புதான்.

தீர்ப்பு

ஃபிராங்கலின் அறக் கூற்று நிற்கிறது. அது ஒருவர் தனக்குத் தானே சொல்லிக்கொள்ள வேண்டியது. சாகும் தறுவாயிலும் சொல்லிக்கொள்ளலாம். வேலை இழந்து நிற்பவரைப் பார்த்து வேலை இருப்பவர் அதைச் சொன்னால் அது அறம் இல்லை, தட்டிக்கழிப்பு. அவருடைய காரணகாரியக் கூற்று நிற்கவில்லை. அவருடைய சொந்த இளைஞர்களே அதற்கு எதிர்ச்சாட்சி. யஹோடாவின் நோயறிதல் எண்பது ஆண்டுக்கு மேல் கழிந்தும் அதே ஊரில் மெய்ப்பட்டது. ஆனால் அவருடைய ஐந்தோடு மூன்று நிபந்தனையைச் சேர்த்தே அதை ஏற்க வேண்டும்: கூலி இருக்க வேண்டும், விலக உரிமை இருக்க வேண்டும், பயன் கண்ணில் தெரிய வேண்டும். முதலாவது இல்லாவிட்டால் அது சுரண்டல், இரண்டாவது இல்லாவிட்டால் அணிவகுப்பு, மூன்றாவது இல்லாவிட்டால் கணக்குக்குச் செய்யும் வேலை.

மருத்துவம் வேண்டிய மனச்சோர்வு வேறு. அதற்கு மருத்துவரிடம்தான் போக வேண்டும், இந்தக் கட்டுரையோ வேறெந்தக் கட்டுரையோ அதற்கு மாற்றல்ல. நான் எடைபோட்டது, ஊர் ஊராக ஒடுங்கிக் கிடக்கும் அந்த மற்ற விரக்தியை. அது தனியாக உட்கார்ந்து நோக்கத்தைத் தேடுவதால் தீர்வதில்லை. உதயமூர்த்தியே எழுதுவதோடு நிற்காமல் ‘மக்கள் சக்தி இயக்கம்’ என்று ஆள் திரட்ட இறங்கினார். அவருடைய வழியில் நடப்பதாகச் சொல்லும் தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் அந்தப் பாதியையும் படிக்கலாம்.

நம் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ‘சும்மா’ இருக்கும் ஒரு பிள்ளை இருக்கும். அவனுக்குத் தன்னம்பிக்கைப் புத்தகம் ஒன்றை வாங்கிக் கொடுப்பது சுலபம். மரியன்டாலில் இலவசமாகவே கொடுத்தார்கள், எடுப்பதுதான் பாதியாகிவிட்டது. அதற்குப் பதிலாக, “நாளைக் காலையில ஒன்பது மணிக்கு வாப்பா, உன்னால ஒரு வேலை ஆகணும்” என்று சொல்லிப் பாருங்கள். உண்மையாகவே வேலை இருந்தால் மட்டும் சொல்லுங்கள். முடிந்ததும் கூலியைக் கையில் கொடுங்கள்.